கடலுக்குப் போகாத உடம்பு

எங்கள் குப்பத்தில் ஒருவனுக்குக் கால் உடைந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். திருக்கை முள் குத்திவிட்டால் நாலு வீட்டுப் பெண்கள் வெந்நீரோடு ஓடி வருவார்கள். காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். எனக்கு வந்த நோவில் ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, உடம்பு சுடவும் இல்லை. அதனால் அது நோவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நோவுக்குப் பதிலாக எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. கரைக்குந்தி. கடலுக்குப் போகாமல் கரையில் குந்தியிருப்பவன். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பழவேற்காட்டுக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஓடுகிற மணல்மேட்டில் எங்கள் குப்பம். ஆண்கள் கட்டுமரத்தில் மீனுக்குப் போவார்கள். ஒல்லாந்தர் கப்பல் வந்துவிட்டால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் படகு வேலைக்கு ஓடுவார்கள். கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், கரைக்கு வராது. நடுவில் அலை உடைகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த எங்கள் படகு மட்டும்தான் அதைத் தாண்டும். பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வரும் சரக்கும் கோட்டையிலிருந்து போகும் துணிப்பொதியும் எங்கள் தோளில்தான் ஏறி இறங்கின. என் நைனா அந்தப் படகின் பின்னால் நின்று திசைத் துடுப்புப் பிடிப்பவர். எந்த அலைக்கு நிற்பது, எந்த அலையில் பாய்வது என்று அவர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் துடுப்புப் போடுவார்கள். ஊரில் நாட்டாண்மைக்காரருக்கு அடுத்த மரியாதை அவருக்குத்தான். அவருக்கு மகன்கள் இரண்டு பேர், கடைசியாக ஒரு மகள். மகன்களில் நான் இளையவன்.

வாடைக் காற்று எடுக்கத் தொடங்கிய சமயம் அது. கப்பல் கிளம்பும் அவசரம். இன்னும் கொஞ்சம் பொதி கரையில் கிடக்கிறது, ஒரே ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள் என்று கோட்டையிலிருந்து ஆள் வந்து நின்றான். கடல் கறுத்துக் கிடந்தது. யாராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை. பயந்துவிட்டான் என்று பேச்சு வந்துவிடுமே! ஏறினோம். நைனா பின்னால் நின்றார். அண்ணனும் நானும் ஒரே பலகையில் அருகருகே உட்கார்ந்திருந்தோம். அலை உடைகிற இடத்தில் படகு குறுக்கே திரும்பியது. எப்படித் திரும்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொதிகள் சரிந்தன, படகு கவிழ்ந்தது. தண்ணீருக்கு அடியில் அண்ணனுடைய கை என் இடுப்புத் துணியைப் பிடித்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. அப்புறம் இல்லை.

நான் கரையில் கிடந்தேன். நைனாவும் பிழைத்தார். அண்ணனை மறுநாள் முகத்துவாரத்துப் பக்கம் அலை கொண்டுவந்து போட்டது.

காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் நைனா வந்து என் காலைத் தட்டினார். "எந்திரி. மரம் எறக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். நானும் எழுந்து போனேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் வாயெல்லாம் எச்சில் ஊறியது. விரல்கள் மரத்துப் போயின. துடுப்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அப்புறம் வாந்தி. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வாந்தி.

முதலில் எல்லாரும் பாவம் என்றார்கள். அடுத்த பௌர்ணமிக்குள் அந்தப் பாவம் தீர்ந்துபோயிற்று. ஒரு நாள் நான் ஈர மணலில் மண்டியிட்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா முறையாகும் ஒருவர் கட்டுமரத்தில் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

"இன்னாடா, எத்தினி மாசம்? மசக்கையா?"

கரை முழுக்கச் சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. ஆனால் அவர் என் பக்கம் பார்க்கவும் இல்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பல்லைக் கடிக்கிறேன் என்று மனைவி எழுப்புவாள். சோறு தொண்டையில் நிற்கும். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. நான் கடலுக்குப் போக மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தினமும் கரைக்குப் போனேன். உடம்புதான் வர மறுத்தது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். மனசு வைத்தால் உடம்பு வரும். இதைச் சொன்னவர்களில் ஒருவன்கூட என் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

பிறகு பேய் என்றார்கள். அம்மாதான் முதலில் சொன்னாள். மூத்த பிள்ளையை இழந்தவள், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அனுப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அம்மன் கோயில் முன்னால் என்னை உட்கார வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, வேப்பங்குழையால் அடிக்கத் தொடங்கினார். ஊரே சுற்றி நின்றது.

"யார்ரா நீ? சொல்லு! எதுக்குடா இவனப் புடிச்ச?"

 கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "வேற யாரு, அவங்க அண்ணன்தான். தண்ணில போன ஆத்துமா."

பூசாரி அதைப் பிடித்துக்கொண்டார். அண்ணனைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். என் அண்ணனை! வாழ்ந்த காலத்தில் ஒருவரை எதிர்த்துப் பேசாதவன், கடைசி மீனையும் என் தட்டில் தள்ளிவிடுகிறவன், அவனை நாயே பேயே என்று அழைத்துப் போ போ என்று விரட்டினார்கள். எனக்குள் அவன் இருந்தால் நல்லது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் முதுகுத்தோல் கிழிய ஆரம்பித்துவிட்டது. அடி நிற்க வேண்டும் என்பதற்காக, "போயிட்டேன், போயிட்டேன்" என்று கத்தினேன். குலவை போட்டார்கள். அம்மா அழுதுகொண்டே திருநீறு பூசினாள்.

மறுநாள் காலையிலும் வாந்திதான்.

அதற்கப்புறம் கள். போதை ஏறினால் பயம் போகும் என்று நைனாவின் கூட்டாளிகள் யோசனை சொன்னார்கள். ஒரு மொந்தை முழுக்கக் குடிக்க வைத்து, என்னைக் கட்டுமரத்தின் நடுவில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அலையைத் தாண்டியது நினைவிருக்கிறது. அங்கே வாந்தி எடுத்தபோது ரத்தம் வந்தது. வலையைப் போடாமலே திரும்பினார்கள். கரையேறியதும், அவர்களில் ஒருவர் என்னைப் பற்றி அல்ல, அன்றைய மீனைப் பற்றித்தான் வருத்தப்பட்டார். "நல்ல மீன் ஓடிகினு இருந்திச்சி. இவனால போச்சி."

இவ்வளவும் என் ஒருவன் உடம்போடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எங்களுக்கு அப்போது கைக்குழந்தை, பெண். என் மனைவி தண்ணீர் எடுக்கப் போனால் ஊற்றங்கரையில் பேச்சு நிற்கும். அவள் குடத்தை இறக்கியதும் தொடங்கும். "உன் வூட்டுக்காரன் கஞ்சி வடிக்கிறானா, நீ வடிக்கிறியா?" என்பார்கள். "சீலை உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணா?" என்பார்கள். அவள் வாயாடி. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் தலைவலி என்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். ஒரு நாள் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு வீறிடும். மருத்துவச்சி பூண்டு தின்னச் சொன்னாள், சுறாப்புட்டு தின்னச் சொன்னாள். கடலுக்குப் போகாதவன் வீட்டுக்குச் சுறா யார் கொடுப்பார்கள்?

"எனக்கு பூண்டும் வேணாம் சுறாவும் வேணாம்" என்றாள் என் மனைவி. "இவங்க எல்லாம் வாய மூடச் சொல்லு. பால் தானா வரும்."

சொந்தத்தில் பால் கொடுக்கிற பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தியும் பிள்ளையை வாங்கவில்லை. எங்கள் வீட்டில் ஏதோ தோஷம் இருக்கிறது, தங்கள் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள்.

ஏரிக்கரையில் வேறு சில குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு மரமும் இல்லை, வலையும் இல்லை. பிடித்ததைப் போட்டு வைக்கும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள், நண்டு பிடிப்பார்கள். எங்கள் குப்பத்துக்காரர்கள் அவர்களை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. குனிந்து பிழைப்பவர்கள் என்பார்கள். விறகு மாற்றிக்கொள்ளும் பழக்கத்தில் என் மனைவிக்கு அங்கே ஒருத்தியைத் தெரியும். அவளுக்கும் கைக்குழந்தை. என் மனைவி யாரையும் கேட்கவில்லை, என்னையும்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அந்தப் பெண் தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கையைக் கழுவினாள். பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள்.

"எத்தினி நாளா பட்டினி போட்டிங்க? இந்த இழு இழுக்குது" என்று எங்களைத்தான் திட்டினாள். அதைத் தவிர ஒரு கேள்வியும் இல்லை.

தினமும் இரண்டு வேளை பிள்ளையை அங்கே கொண்டுபோனோம். அது குடித்து முடிகிற வரை நான் சும்மா நிற்பேன். அந்தப் பெண்ணின் புருஷன் ஒரு நாள் தண்ணீரிலிருந்தே, "சும்மா தானே நிக்கிற, எறங்கு" என்றான். இறங்கினேன். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. எச்சில் ஊறுமா என்று காத்திருந்தேன். ஊறவில்லை. சேறு வெதுவெதுப்பாக இருந்தது. அலை இல்லை. குனிந்து தடவினேன். கைக்குள் ஒரு இறால் துள்ளியது. என் விரலுக்கு அது தெரிந்தது. அத்தனை மாதம் கழித்து என் விரலுக்கு ஒன்று தெரிந்தது! அன்று அவர்கள் சட்டியில் வெந்த கூழை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்து உச்சிவெயிலில் படுத்தவன், மனைவி உலுக்கும் வரை எழவில்லை.

அப்புறம் தினமும் போனேன். உடம்பில் சதை பிடித்தது. ஊருக்கு அது பொறுக்கவில்லை. எலும்பும் தோலுமாகக் கரையில் வாந்தி எடுத்தபோது எனக்காகக் கூட்டம் போடாதவர்கள், நான் சோறு தின்னத் தொடங்கியதும் கூட்டம் போட்டார்கள்.

நாட்டாண்மைக்காரர் எனக்கு மாமன் முறை. கோயில் முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருக்க, என்னை நிற்க வைத்துக் கேட்டார்.

"ஏரிக்கரையில போய் குனிஞ்சி சேத்த தடவுறியாமே, நெசமா?"

"நெசந்தான் மாமா."

"அவங்க பால உன் பொண்ணு குடிக்குதாமே?"

"இங்க யாரும் குடுக்கல மாமா."

"அத்தக் கேக்கல. குடிக்குதா இல்லியா?"

"குடிக்குது."

கூட்டம் முணுமுணுத்தது. அவர் நைனாவைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல மாமா" என்றேன். "கடல் தண்ணி பட்டா கை மரத்துப்பூடுது. ஏரியில அப்பிடி இல்ல. நானா வேணும்னு பண்ணல."

"ஒடம்புக்கு இன்னாடா? கை கீது, கால் கீது. உங்க நைனா கவுந்த படகுல இருந்து எந்திரிச்சி வந்து, காரியம் முடிஞ்ச மறுநாளே துடுப்பு புடிக்கல? அவருக்கு மட்டும் புள்ள சாவலியா?"

 நைனா வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறக்கவில்லை. என்னோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிக் கலைந்தார்கள்.

அதில் என் தங்கைக்குப் பேசி வைத்திருந்த இடம் விட்டுப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார், ஏரியில் தடவுகிறவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்றார்களாம். தங்கை என் வீட்டு வாசல் வரை வந்தாள். உள்ளே வரவில்லை.

"அண்ணனோட நீயும் போயிருந்தா, செத்தவங்க தங்கச்சின்னாவது என்னைக் கட்டியிருப்பாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. அவள் சொன்னது கணக்குப்படி சரி. எங்கள் ஊரில் செத்த மகனுக்கு மதிப்பு உண்டு. நோயாளி மகனுக்குக் கிடையாது. ஒரு பதினாறு வயதுப் பெண் இதைப் புரிந்துகொண்டு வாசலில் நின்று சொல்லும்படி வைத்துவிட்டார்களே என்றுதான் கோபம். பின்னால் அவளை வடக்கே, தெலுங்கு பேசும் ஒரு ஊரில், மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

நாங்கள் ஏரிக்கரைக்குக் குடிசையை மாற்றிக்கொண்டோம். அங்கே எல்லாரும் தங்கமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். "பெரிய எடத்துப் புள்ள, முதுகு வளைய மாட்டேங்குது" என்று அவர்களும் கிண்டல் செய்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரன் நான் அவன் இடத்தில் தடவுகிறேன் என்று சண்டைக்கு வந்தான். ஆனால் என் உடம்பைப் பற்றி யாரும் தீர்ப்பு எழுதவில்லை. மனைவியின் தலைவலி குறைந்தது. பால் மட்டும் அந்தப் பிள்ளைக்குத் திரும்பவில்லை. அடுத்த பிள்ளைக்கு வந்தது.

ஊர் விலக்கு எப்படிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் புயலுக்கு மேல் புயலாக வந்து கடல் அடைத்துக்கொண்டது. ஒரு மரமும் இறங்கவில்லை. கோட்டைச் சமையலுக்கு மீன் கேட்டு ஆள் வந்தான். ஏரி மட்டும்தான் மீன் தந்துகொண்டிருந்தது. நாட்டாண்மைக்காரரே கூடையோடு எங்கள் கரைக்கு வந்தார். "மாப்ள, எறா கீதா?" என்றார். மாப்ள! நான் கொடுத்தேன். அதன் பிறகு கல்யாணத்துக்கு வெற்றிலை வைக்க ஆரம்பித்தார்கள். விலக்கை எடுத்துவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. செய்தது தப்பு என்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போல வெற்றிலையை நீட்டினார்கள். அந்தக் கல்யாணங்களுக்குப் போய் பந்தியில் உட்காரும்போதெல்லாம் எனக்கு வயிறு புரட்டும். கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் புரட்டும்.

ஒரு நாள் நடுப்பகலில் நைனா ஏரிக்கரைக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. குடிசை நிழலில் குந்தினார். என் மனைவி இறால் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சோறு எறங்குதா உனக்கு?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது வந்தபோது எரிச்சல்தான் வந்தது.

"எறங்குது. அப்ப எறங்கல. அப்ப நீ கேக்கல."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"எனக்கும் கால் ஒதறுது" என்றார். "அன்னிலேர்ந்து. பின்னால நிக்கறப்ப, அலை வந்தா, முட்டிக்குக் கீழ என்னுதே இல்ல. துடுப்ப கட்டிப்புடிச்சிகினுதான் நிக்கறேன்."

 "கூட்டத்துல இத்த ஒரு வார்த்த சொல்லியிருந்தா?" என்று கத்திவிட்டேன். "என்னை நிக்க வெச்சி கேட்டாங்களே, நீ குந்திகினு இருந்தியே நைனா!"

"சொன்னா நான் புடிக்கிற படகுல எவன்டா ஏறுவான்?"

போகாதே, இங்கேயே இரு, இடுப்புத் தண்ணீரில் வேலை இருக்கிறது என்றேன். மனைவியும் சொன்னாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு, "அது சரி வராது" என்று சொல்லி எழுந்து போனார். அடுத்த கப்பல் வந்தபோது மறுபடியும் பின்னால் நின்றார். அதற்கடுத்த கப்பலுக்கும் நின்றார். அந்தக் காலோடு! கப்பல் வந்தது என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு ஏரித் தண்ணீரிலேயே கை மரக்கும்.

கடைசியில் அவர் கடலில் விழவில்லை. படகைக் கரைக்கு ஏற்றிவிட்டு மணலில் நடந்து வரும்போது விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் போயிற்று. வாய் கோணிப் பேச்சு நின்றது. அம்மாவால் தூக்க முடியாததால் என் குடிசைக்குக் கொண்டுவந்தேன். ஊரே பார்க்க வந்தது. நாட்டாண்மைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆம்பளன்னா இவருதான்யா. கடசி வரைக்கும் துடுப்ப வுடல பாரு."

எல்லாரும் தலையாட்டினார்கள். என்னால் அடக்க முடியவில்லை.

"மாமா, அவருக்கு இத்தினி வருசமா கால் ஒதறிச்சி. பயந்துகினேதான் போனாரு. உங்க யாருகிட்டயும் சொல்ல முடியாமதான் இப்ப இப்பிடிக் கெடக்கறாரு."

"சும்மா இர்ரா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கெடக்கற மனுசன் மானத்த வாங்காத."

நைனாவுக்குப் பேச்சுதான் போயிற்று, காது நன்றாகக் கேட்கும். அவருடைய நல்ல கை பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. என்னைப் பேசு என்கிறாரா, பேசாதே என்கிறாரா? குனிந்து முகத்தைப் பார்த்தேன். கண்களில் தண்ணீர் இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். என் மனைவி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். நானும் அவளும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்தோம்.